திருவாளர் 203 அவர்களின் கல்வெட்டு

மரண அறிவித்தல்

கொழும்பு 01, ஜனாதிபதி மாவத்தை, 30ஆம் இலக்கத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் டொலருக்கு இருநூற்று மூன்று ரூபாய் அவர்கள் 07.03.2022 திங்கட்கிழமை காலமானார். அன்னார், காலஞ்சென்ற வரிக்குறைப்பு – நோட்டடிப்பு தம்பதிகளின் அருமைப் புதல்வரும், இறக்குமதித் தடை, பசளைத் தடை ஆகியோரின் பாசமிகு சகோதரரும், எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை, மண்ணெண்ணெய் வரிசை ஆகியோரின் அன்புத் தந்தையும், கறுப்புச் சந்தையின் ஆருயிர் மைத்துனரும் ஆவார். பூதவுடல் மக்கள் அஞ்சலிக்காக நாடெங்கும் பெற்றோல் செட்டுகளில் வைக்கப்படும். தகனக் கிரியைகள், எரிபொருள் கப்பலுக்குக் காசு கட்டி எண்ணெய் இறக்கப்பட்ட பின் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தகவல்: குடும்பத்தினர்.

எந்தக் குடும்பம் என்று கேட்பவர் இலங்கைக்குப் புதியவராக இருக்கவேண்டும்.

அந்த மாதம் இதை எந்தப் பத்திரிகையிலும் நம்பிக் கொடுத்திருக்க முடியாது. கடதாசி வாங்க டொலர் இல்லாமல் உபாலி குழுமம் தன் ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியது. வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசியும் மையும் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஆகவே அன்னாருக்கு அறிவித்தலும் வரவில்லை, முப்பத்தோராம் நாள் கல்வெட்டும் அச்சாகவில்லை. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு இல்லாமல் ஒருவரை அனுப்பிவைக்கும் வழக்கம் கிடையாது. எந்த வயிற்றில் பிறந்தார், யாரைப் பிடித்து வளர்ந்தார், யாருக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும். நல்ல வார்த்தை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அன்னார் வைத்துவிட்டுப் போன கடனைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்.

முதலில் பூர்வீகம். 1884 முதல் இலங்கையில் நாணயச் சபை என்று ஒன்று இருந்தது. கையில் வெளிநாட்டுச் சொத்து இருந்தால் அந்த அளவுக்கு நோட்டு வெளியிடும், இல்லையென்றால் வெளியிடாது. கவர்னர் கேட்டாலும் வெளியிடாது. சுதந்திர நாட்டுக்கு இது மானக்கேடு என்று 1950 ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கியைத் திறந்தார்கள். மானம் காக்க ஆளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள்: ஜோன் எக்ஸ்டர், சட்டத்தை வரைந்து கொடுத்து, முதல் ஆளுநராகவும் உட்கார்ந்தார். அப்போது ஒரு டொலர் 4 ரூபாய் 76 சதம். எக்ஸ்டர் பிற்காலத்தில், கடதாசிக் காசை நம்பாதீர்கள், தங்கத்தை வாங்கி வையுங்கள் என்று சொல்லித் திரிந்தார். தான் திறந்துவைத்த கடை எப்படி நடக்கும் என்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அதன்பிறகு 1965 முதல் சர்வதேச நாணய நிதியத்தின் படியை 16 தடவை ஏறியிறங்கினோம். 2001 ஜனவரியில் ரூபாயை மிதக்கவிட்டாயிற்று என்று அறிவித்தார்கள். ஆகவே சட்டப்படியும் கடதாசிப்படியும் இலங்கை ரூபாய் இருபது வருடமாக மிதந்துகொண்டிருந்தது. 203 என்ற முளையில் இறுக்கிக் கட்டிய பிறகும் கடதாசியில் மிதந்துகொண்டேதான் இருந்தது.

பொருளியலில் சின்ன விதியொன்று உண்டு. ரொபர்ட் மண்டெல், மார்கஸ் பிளெமிங் என்ற இருவர் 1960களில் தனித்தனியே சொன்னது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும். நாணய மாற்று வீதத்தைக் கட்டிவைக்கலாம். வட்டியை உன் இஷ்டத்துக்கு வைக்கலாம். காசு வரவும் போகவும் கதவைத் திறந்துவிடலாம். மூன்றில் எந்த இரண்டையும் எடு, மூன்றாவதை மறந்துவிடு. பிரித்தானியா மூன்றையும் பிடித்துவைக்கப் பார்த்தது. 1992 செப்டெம்பர் 16ஆம் திகதி காலையில் வட்டியைப் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் என்றது, பின்னேரம் பதினைந்து என்றது, இரவு கையை விரித்தது. தாய்லாந்து 1997 ஜூலை 2இல் கையை விரித்தது. இந்த நாட்டுக்காரர்களிடம் ஒரு பலவீனம்: கையிருப்பு கரைந்தால், கரைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டுவிடுவார்கள். கொழும்பில் அப்படிக் கோழைகள் யாரும் பதவியில் இருக்கவில்லை.

இனிப் பெற்றோர். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். வென்ற கையோடு பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். சம்பளக்காரர் உழைக்கும்போதே செலுத்தும் வரியை எடுத்துவிட்டார்கள். 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்பது சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. உலகத்தில் அப்படி வரி வாங்காமல் நடக்கும் அரசுகள் ஒன்றில் எண்ணெய்க் கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது அரசாகவே இருக்காது. எங்களிடம் எண்ணெய்க் கிணறு இல்லை. அச்சு இயந்திரம் இருந்தது. மத்திய வங்கி காசடித்து வாங்கி வைத்திருந்த திறைசேரி உண்டியல்கள், அதாவது அரசின் கடன் பத்திரங்கள், 2019 முடிவில் நூறு பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2021 முடிவில் 1.4 ட்ரில்லியன். வட்டியையும் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். ரூபாய் பெருகுகிறது, டொலர் பெருகவில்லை. அப்படியானால் டொலரின் விலை ஏறத்தான் செய்யும். ஏறக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. போர் வென்ற தலைவரின் ரூபாய் ஒரு கடதாசித் துண்டுக்குப் பணிவதா?

ஆளுநராக இருந்த பேராசிரியர் டபிள்யூ. டி. லக்ஷ்மன் 2021 செப்டெம்பரில் ஒதுங்க, அஜித் நிவாட் கப்ரால் இரண்டாம் முறை வந்தார். 2006 முதல் 2015 தொடக்கம் வரை இருந்தவர்தான். சர்வதேச இறைமை முறி என்ற டொலர்க் கடன் பத்திரத்தை இலங்கை முதன்முதலில் விற்றது 2007 ஒக்டோபரில், 500 மில்லியன் டொலருக்கு, அவருடைய காலத்தில். கடனைத் தொடக்கிவைத்தவரே முடித்தும் வைப்பார் என்று நினைத்தார்களாக்கும். அப்போது நிதியமைச்சராக இருந்த பசில் ராஜபக்ஷ அமெரிக்கப் பிரஜை. இரட்டைப் பிரஜைகளுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட 2020இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகு உள்ளே வந்தவர். டொலர் எப்படி நடந்துகொள்ளும் என்று டொலர் நாட்டுப் பிரஜைக்குத் தெரியாதா என்று சனமும் பேசாமல் இருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வர்த்தமானிதான் மருந்து. 2021 ஓகஸ்ட் முடிவில் அவசரகால விதிகளைப் போட்டு, அத்தியாவசியச் சேவைகளுக்குப் பொறுப்பாக ஒரு மேஜர் ஜெனரலை நியமித்தார்கள். சீனிக் களஞ்சியங்களைச் சுற்றிவளைத்தார்கள். அரிசிக்கு உச்ச விலை வைத்தார்கள். விலை பலகையில் இருந்தது, அரிசி கடையில் இல்லை. செப்டெம்பர் முடிய முன்னரே அந்த வர்த்தமானியைத் தாங்களே மீளப் பெற்றார்கள். இராணுவத்தை வைத்து நாட்டரிசியின் விலையை ஒரு மாதம் பிடித்துவைக்க முடியாதவர்கள், அமெரிக்கா அச்சடிக்கும் காசின் விலையைப் பிடித்துவைக்கப் புறப்பட்டார்கள்.

சகோதரர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். டொலரை மிச்சம் பிடிக்க மஞ்சள் இறக்குமதியைத் தடைசெய்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் நாட்டின் எல்லாக் கறிச்சட்டிக்கும் வேண்டியது மஞ்சள். கிலோ ஆயிரங்களுக்கு ஏறியது. ஒரு காலத்தில் என்னென்னவோ போய்வந்த கடலில் இப்போது இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்கும் புத்தளத்துக்கும் மஞ்சள் மூட்டை வந்தது. கடற்படை அதைப் பிடித்து, வரிசையாக அடுக்கி, பக்கத்தில் நின்று படமெடுத்தது. புற்றுநோய் மருந்தோ தங்கமோ அல்ல, சாம்பாருக்குப் போடுகிற மஞ்சள். அது எந்தக் காசில் வந்தது? வங்கிக்குள் நுழையாத காசில். மிச்சம் பிடிக்க நினைத்த டொலரைத்தான் மஞ்சள் மூட்டை கொண்டுபோனது.

அடுத்தவர் பசளைத் தடை. ஆண்டுக்கு 400 மில்லியன் டொலர் மிச்சம் என்ற கணக்கோடு 2021 மே மாதம் இரசாயனப் பசளையை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். சேதனப் பசளை என்று சீனாவிலிருந்து கப்பல் வந்தது. அதில் கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று திருப்பினார்கள். கப்பல் திரும்பினாலும் காசு திரும்பவில்லை. இறக்காத பசளைக்கு 2022 ஜனவரியில் ஏறக்குறைய 7 மில்லியன் டொலர் கட்டினார்கள். வயல் காய்ந்து, பிறகு அரிசியை டொலர் கொடுத்து வாங்கினார்கள். டொலரை மிச்சம் பிடிக்க இவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் டொலர்தான் செலவானது.

இனி அன்னாரின் கொடைத்தன்மை. 203 ரூபாய்க்கு டொலர் கிடைக்கவே இல்லை என்று சொல்வது அபாண்டம். கிடைத்தது. யாருக்குக் கிடைத்தது என்றுதான் கேட்கவேண்டும். வெளியே 240, 250 என்று போகும் பொருளை வங்கிக்குள் 203க்குக் கொடுத்தால், வரிசை வரும். அந்த வரிசையில் முன்னுக்கு நிற்பவர் யார் என்பதை விலை தீர்மானிக்காது, தொலைபேசி தீர்மானிக்கும். அமைச்சரைத் தெரிந்த இறக்குமதியாளருக்கு நாணயக் கடிதம் திறந்தது. தெரியாதவனுடைய கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்து, தாமதக் கட்டணம் ஏறி, உள்ளேயிருந்த பருப்பும் வெங்காயமும் நாறின.

சரி, உள்ளே மலிவாகக் கொடுத்த அந்த டொலரை யாரிடமிருந்து மலிவாக வாங்கினார்கள்? மூதூரிலிருந்து றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அப்படி இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் 300 டொலர் அனுப்புகிறாள் என்று வையுங்கள். வங்கியில் போட்டால் வீட்டுக்கு 60,900 ரூபாய். வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் போகும் உண்டியலில் 250 வீதம் போட்டால் 75,000. வித்தியாசம் 14,100. போனில் தங்கச்சி சொல்வாள்: “ராத்தா, பேங்குல போட்றாதீங்க. கடைக்கார நானாட்டச் சொன்னா பின்னேரமே ஊட்டுக்குக் கொண்டாந்து தாராரு.” மண்டெலும் பிளெமிங்கும் எழுதியதை அவள் படிக்கவில்லை. ஆனால் ஜனாதிபதி மாவத்தையில் கோட் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாக விளங்கி வைத்திருந்தாள்.

அந்த 14,100 ஒரு வரி. வர்த்தமானியில் வராத வரி, நாடாளுமன்றத்தில் யாரும் கைதூக்காத வரி. கொழும்பில் சம்பளக்காரனுக்கு வரியை எடுத்துவிட்டு, றியாத்தில் கக்கூசு கழுவுகிறவளிடம் வாங்கினார்கள். அவள் கட்ட மறுத்ததும் கோபம் வந்தது. தாய்நாட்டுப் பற்று இல்லையா என்றார்கள். டிசம்பரில் டொலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை தருகிறோம் என்றார்கள். ஐம்பதைப் பிடுங்கிக்கொண்டு பத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஊக்கம் என்று பெயர். உண்டியல்காரர்களின் கணக்குகளை முடக்குவோம் என்றார்கள். ட்ரில்லியன் கணக்கில் திறைசேரி உண்டியல் வாங்கிக் குவித்தவர்கள், தெருமுனைக் கடைக்கார நானாவின் உண்டியலைத் தேசத்துரோகம் என்றார்கள். 2021 ஜனவரியில் வங்கி வழியாக வந்த வெளிநாட்டுழைப்புப் பணம் 675 மில்லியன் டொலர். 2022 ஜனவரியில் 259 மில்லியன்.

டிசம்பர் வந்தது. நவம்பர் முடிவில் கையிருப்பு ஏறக்குறைய 1.6 பில்லியன் டொலர். வருட முடிவில் திடீரென்று 3.1 பில்லியன். ஊரெல்லாம் வாயைப் பிளந்தது. சீனாவோடு செய்த 10 பில்லியன் யுவான் நாணய மாற்று ஒப்பந்தத்தைக் கையிருப்பில் சேர்த்திருந்தார்கள், 1.5 பில்லியன் டொலர் பெறுமதி. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால் மட்டுமே அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. இருந்திருந்தால் அதை ஏன் கேட்கப்போகிறோம்! இரவல் நகையைப் பூட்டிக்கொண்டு கலியாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்த கதை. அதோடு விடவில்லை. அதே மாதம் சொந்த நகையில் பாதிக்கு மேல் விற்றார்கள்: 382 மில்லியன் டொலர் பெறுமதியான தங்கம் வருட முடிவில் 175 மில்லியனுக்கு வந்தது. எக்ஸ்டர் துரை 2006இலேயே கண்மூடிவிட்டார், நல்ல காலம்.

விற்ற காசு எங்கே போனது? 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் இறைமை முறியை முதலும் வட்டியும் சதம் குறையாமல் கட்டினார்கள். கட்டவேண்டாம், கடனைச் சீரமைக்கப் பேசுங்கள், இருக்கிற டொலருக்கு மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள் என்று பொருளியலாளரும் வணிகரும் எதிர்க்கட்சியினரும் கத்திப் பார்த்தார்கள். ஆளுநர் பெருமையோடு கட்டினார். இலங்கையின் கடனை ஒருவரும் நம்பாத அந்த நாட்களில் இந்த முறிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முழு விலை. ஒரு மாதத்தில் எரிபொருள் கப்பல் கொழும்புக்கு வெளியே காசுக்காக நங்கூரம் போட்டு நின்றது. இரண்டு மாதத்தில் பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, இனிக் கட்ட முடியாது என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். ஏப்ரலில் சொன்னதை ஜனவரியில் சொல்லியிருந்தால் 500 மில்லியன் டொலர் வீட்டில் இருந்திருக்கும். அந்த மூன்று மாத மானத்தின் விலை அது.

மார்ச் 7ஆம் திகதி அன்னாரின் உயிர் பிரிந்த விதமும் அழகானது. ரூபாய்க்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுக்கிறோம், ஆனால் டொலர் 230ஐத் தாண்டாது என்று மத்திய வங்கி அறிவித்தது. டொலருக்கு அந்த அறிக்கையை யாரும் வாசித்துக் காட்டவில்லை. அந்த வாரமே 260. மாதமுடிவில் 300க்குப் பக்கத்தில். மே மாதம் 360க்கு மேல். கையில் கயிறு இருக்கும்போது அவிழ்க்க மறுத்தவர்கள், கையில் ஒன்றுமில்லாதபோது கையை எடுத்தார்கள். மே 4ஆம் திகதி பசிலுக்குப் பிறகு நிதியமைச்சரான அலி சப்ரி நாடாளுமன்றத்தில் எழும்பி, பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார். 2019 முடிவில் இருந்தது 7.6 பில்லியன்.

வீதத்தைக் கட்டிவைப்பதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. ஹொங்கொங் 1983 முதல் கட்டிவைத்திருக்கிறது. கட்டுவதற்குரிய கையிருப்போடும், அமெரிக்க வட்டிக்குத் தலையாட்டும் ஒழுக்கத்தோடும் வைத்திருக்கிறது. மிதக்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓதுகிறவர்களும் எனக்கு உறவில்லை. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி தன் நாட்டு விலைவாசிக்காகப் பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்த வட்டியை வருட முடிவுக்குள் நான்கரை சதவீதம் வரை ஏற்றியது. அங்கே ஒருவர் தும்மினால் இங்கே காய்ச்சல் வரும் என்பதை வாஷிங்டனில் யாரும் கணக்கெடுப்பதில்லை. கணக்கெடுக்க அவர்களுக்கு நாங்கள் வாக்குப் போடுவதுமில்லை. அந்த அநியாயம் அப்படியே இருக்கட்டும். ஆனால் கடன் கொடுத்தவன் அநியாயக்காரன் என்பதால் வீட்டுக்காரன் யோக்கியனாகிவிட மாட்டான். நாணய நிதியத்துக்குப் போவதில்லை என்று மார் தட்டியவர்கள் கடைசியில் போனபோது, பேரம் பேசக் கையில் ஒரு செம்புக்காசு இருக்கவில்லை. 2023 மார்ச்சில் 17ஆவது திட்டம், 3 பில்லியன் டொலர், நான்கு வருடத்துக்கு. முன்கூட்டியே போயிருந்தால் நிபந்தனையாவது கொஞ்சம் இளகியிருக்கும்.

அன்னார் காலமாகிப் பதினைந்து நாளில், 2022 மார்ச் 22ஆம் திகதி, வடக்கிலிருந்து 16 பேர் இரண்டு தொகுதியாகத் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தொகுதியை அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிட்டு ஓட்டி போய்விட்டான். கைக்குழந்தையோடு நின்றவர்களை இந்தியக் கரையோரக் காவற்படை மீட்டது. ஷெல்லுக்குத் தப்பி ஓடிய அதே கடல். இந்தமுறை துரத்தியது அரிசி விலையும் பால்மா விலையும். போரில் அவர்களை ஓட்டியவர்களும் இந்த விலையில் ஓட்டியவர்களும் ஒரே குடும்பம் என்பதைக் கல்வெட்டில் ‘வம்சப் பெருமை’ என்ற தலைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

கரையில் நின்ற மீனவனுக்கு அடி ஓகஸ்டில் வந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தது, ஒரே இரவில் 340. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சின்ன வள்ளங்களின் வெளியிணை இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மின்சாரம் இல்லாத வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் சில அடுப்புகளும். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9.

லயன்களைச் சொன்னேன், அங்கேயும் போவோம். தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் அப்போதைய நாட்சம்பளம் 2021இல் போராடி வாங்கிய 1,000 ரூபாய். 203இல் அது ஏறக்குறைய 4 டொலர் 93 சதம். 365இல் 2 டொலர் 74 சதம். தேயிலையை வெளிநாட்டுக்காரன் டொலரில்தான் வாங்குகிறான். கொழும்பு ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் கிலோ விலை ஒரு வருடத்தில் ஏறக்குறைய இரட்டித்தது. பறித்தவளின் ஆயிரம் ரூபாய் ஆயிரம் ரூபாயாகவே 2024 வரை இருந்தது. நாணயம் வீழ்ந்தால் ஏற்றுமதி செழிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. செழித்தது. யாருடைய கூடையில் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்கள், முன்னாள் ஆளுநர்கள் கப்ரால், லக்ஷ்மன், அதிகாரிகள் பி. பி. ஜயசுந்தர, எஸ். ஆர். ஆட்டிகல ஆகியோர் மக்கள் நம்பிக்கையை மீறி இந்த நெருக்கடிக்குக் காரணமாக இருந்தார்கள் என்றது. வரியை வெட்டியது, ரூபாயைப் பிடித்து வைத்தது, நாணய நிதியத்திடம் பிந்திப் போனது, ஜனவரியில் முறியைக் கட்டியது என எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. மனுதாரர்கள் நட்டஈடு கேட்டிருக்கவில்லை. ஆகவே வழக்குச் செலவாக 150,000 ரூபாய். அன்றைய வீதத்தில் ஏறத்தாழ 460 டொலர். இந்தக் காசுக்குக் கொழும்பில் ஒரு நல்ல கைத்தொலைபேசி வாங்க முடியாது. ஒரு நாட்டை வாங்கலாம்.

மிச்சக் காசை யார் கட்டியது என்றால், ஊழியர் சேமலாப நிதி. மாதாமாதம் தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு சதவீதம், முதலாளி பன்னிரண்டு சதவீதம் போட்டு, வயது போன பிறகு கையில் தருவதாகச் சொல்லி வைத்திருக்கும் காசு. விலைவாசி எழுபது சதவீதம் ஏறிய 2022இல் அந்த நிதி கொடுத்த வட்டி ஒன்பது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. 2023 ஜூலை முதலாம் திகதி நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை ஏற்றது. வங்கிகள் ஏற்கெனவே கஷ்டப்பட்டுவிட்டன என்று விட்டுவிட்டார்கள். சேமலாப நிதியிடம் சொன்னார்கள்: உன் முறிகளைப் புதிய முறிகளாக மாற்று, 2025 வரை 12 சதவீதம், அதன்பிறகு 9, மாட்டேன் என்றால் 14 சதவீத வரி உனக்கு 30 ஆகும். வெளிநாட்டு முறிக்காரர்களிடம் இப்படிப் பேசவில்லை. அவர்களோடு லண்டனிலும் பாரிஸிலும் மேசைபோட்டுப் பேசினார்கள். 2024 டிசம்பரில் முதலில் 27 சதவீதம் வெட்டிவிட்டு, இலங்கையின் பொருளாதாரம் நன்றாக வளர்ந்தால் கூடுதலாகத் தருகிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். நாடு வளர்ந்தால் பங்கு நியூயோர்க்கில் இருப்பவனுக்கு உண்டு. ஹட்டனில் கொழுந்து பறிப்பவளுக்கு இல்லை.

அவளிடம் சம்மதம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள் என்றே சொல்லவேண்டும். சேமலாப நிதியின் பொறுப்பாளர் மத்திய வங்கி. அங்கத்தவர்கள் சார்பில் யோசித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டியதும் அதே மத்திய வங்கிதான். 203ஐப் பெற்று வளர்த்த அதே வீடு.

2024 தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர்களுக்கு 70 சதவீதம் வரை சம்பளத்தைக் கூட்டியது. சனம் கொதித்தது. கெட்டித்தனமான ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்விடாமல் தடுக்கவேண்டியிருக்கிறது என்று விளக்கம் வந்தது. நியாயம்தான். மூதூர்க்காரி எப்போதோ போய்விட்டாள். அவளைத் தடுக்க யாரும் சம்பளம் கூட்டவில்லை. 2024இல் அவளும் அவளைப்போன்றவர்களும் வங்கி வழியாக அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கு மேல். நாணய நிதியம் நான்கு வருடத்துக்குத் தருவதாகச் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஒரே வருடத்தில், ஒரு நிபந்தனையும் போடாமல்.